மருந்து தின்னாத எலியைப் பாருங்கள்: முதுமை ஆராய்ச்சிச் செய்திகளைப் படிக்க ஒரு வழி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தமிழ் வீடுகளுக்குச் செய்தி இரண்டு மொழியில் வருகிறது. டிவியில் மலையாளம், வாட்ஸ்அப்பில் தமிழ். அவ்வப்போது இரண்டிலும் ஒரே செய்தி வந்துவிடும்: முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து, எலிகளிடம் வெற்றி. கொஞ்ச காலம் கழித்து அதே மருந்தால் பலன் இல்லை என்று இன்னொரு செய்தி. படிப்பவர் குழம்பிப்போவதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம் பக்கத்தில் ஒரு விலை உண்டு. 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி கேரளத்தில் 60 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் 16.5 சதவீதம்; இந்தியாவிலேயே அதிகம். அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 13.6 சதவீதம். எல்லையில் இருக்கும் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், மருந்துக் கஞ்சி வைத்துக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்வது இங்கே பழைய வழக்கம். அந்த வழக்கத்தின் மேல்தான் இப்போது "எலிகளிடம் நிரூபிக்கப்பட்டது" என்ற முத்திரையோடு மாத்திரையும் பொடியும் வந்து உட்காருகின்றன. எலிகளிடம் உண்மையில் என்ன நடந்தது, அதில் எவ்வளவு நமக்கு ஆகும் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. மூப்பு: பிறந்தநாள் கூடுவது வேறு, மூப்பு வேறு. உடம்பு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் குறைந்து, நோயும் சாவும் வருவதற்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போவதுதான் மூப்பு.

2. நடு ஆயுள்: 100 விலங்குகளை வளர்த்தால் அதில் பாதி இறந்து முடிந்திருக்கும் வயது. "ஆயுள் 12 சதவீதம் கூடியது" என்ற செய்தி பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது.

3. உச்ச ஆயுள்: கூட்டத்திலேயே நீண்ட நாள் இருந்த கடைசி 10 சதவீதம் எட்டும் வயது. நடு ஆயுளை மட்டும் கூட்டும் மருந்து ஏதோ ஒரு நோயைத் தடுத்திருக்கலாம், அவ்வளவே. உச்ச ஆயுளும் நகர்ந்தால்தான் மருந்து மூப்பையே தொட்டிருக்கிறதோ என்று யோசிக்க இடம் வருகிறது.

4. ஒப்பீட்டுக் குழு: மருந்து மட்டும் தராமல், மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி வைத்து வளர்க்கும் விலங்குகள். செய்தியில் இவை பெரும்பாலும் வருவதே இல்லை. ஆனால் ஒரு முதுமை ஆய்வு நம்பத்தக்கதா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

"எலி" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ச் செய்தியும் மலையாளச் செய்தியும் இரண்டு தனி இனங்களை ஒரே சொல்லால் குறிக்கின்றன. ஒன்று 25, 30 கிராம் எடையுள்ள சுண்டெலி. மற்றது அதைப்போலப் பத்து மடங்கு எடையுள்ள பெரிய எலி. இன்றைய முதுமை ஆய்வுகளில் அதிகம் வருவது சுண்டெலி.

விலங்குகளிடம் ஏன் போகிறார்கள்?

கணக்கு எளிது. மனிதர்களை வைத்து ஒரு ஆயுள் ஆய்வைத் தொடங்கினால் அது முடிவதற்குள் தொடங்கியவரே இருக்கமாட்டார். சுண்டெலி இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழ்ந்து முடிக்கிறது. பழ ஈ இரண்டு மூன்று மாதம். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்று பெயர், இரண்டு மூன்று வாரம்.

இப்படி ஆய்வுக்கு உதவும் இரண்டு உயிர்களை நம் சித்தூர் வட்டாரத் தென்னந்தோப்பிலேயே பார்க்கலாம். கள் இறக்கி வைத்த கலயத்தின் வாயைச் சுற்றி மொய்க்கிறதே, சிவந்த கண்ணுள்ள சின்ன ஈ, அதன் இனம்தான் பழ ஈ. கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இன்னொன்று. ஒரு ஈஸ்ட் தாய்ச் செல் ஏறக்குறைய 25 முறை மொட்டுவிட்டுப் பிள்ளைச் செல்லைப் பிரித்துவிட்டு, அதன்பின் ஓய்ந்துவிடும். ஒற்றைச் செல்லுக்குக்கூட மூப்பு உண்டு என்பதை அதை எண்ணித்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கம் மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றும் குட்டைகளில் கில்லி மீன் என்று ஒன்று வாழ்கிறது. குட்டை வற்றுவதற்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டாக வேண்டும். அதனால் அதன் வாழ்வே நான்கிலிருந்து ஆறு மாதம். முட்டைகள் காய்ந்த சேற்றுக்குள் அடுத்த மழைக்காகக் காத்துக்கிடக்கும். எருத்தேம்பதி, வடகரப்பதி மழைமறைவுப் பகுதியில் குட்டை வற்றுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த அவசரம் புரியும். முதுகெலும்புள்ள ஆய்வக விலங்குகளில் மிகக் குறைந்த ஆயுள் உள்ளது இதுதான்.

புழு திறந்த கதவு

1993-ல் கலிஃபோர்னியாவில் சிந்தியா கென்யன் குழு ஒரு முடிவை வெளியிட்டது. மேலே சொன்ன புழுவில் ஒரே ஒரு மரபணுவின் வேலையைக் குறைத்தார்கள். ஆயுள் இரட்டிப்பானது. அந்த மரபணு நம் உடம்பின் இன்சுலின் ஏற்பிக்கு, அதாவது இன்சுலின் சொல்லும் சேதியைச் செல்லுக்காக வாங்கும் புரதத்துக்கு, உறவுக்காரன் என்று பின்னால் தெரிந்தது. மூப்பு என்பது இயந்திரம் தேய்வதுபோல் தானாக நடப்பது, அதில் கைவைக்க முடியாது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பு அதோடு போனது.

புழு இறந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? உருப்பெருக்கியின் கீழே, தட்டில் கிடக்கும் புழுவின் தலையை மெல்லிய பிளாட்டினம் கம்பியால் மெதுவாகத் தொடுவார்கள். நெளிந்தால் உயிர் இருக்கிறது. நெளியாவிட்டால் அன்றைய தேதியில் ஒரு கோடு. நூற்றுக்கணக்கான புழுக்களை நாள் தவறாமல் இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் ஒரு ஆயுள் வரைபடம் உருவாகிறது.

ஆனால் இதே பாதையை மேலே பிடித்துப் போனால் பலன் சுருங்கிக்கொண்டே வருகிறது. புழுவில் இரண்டு மடங்கு. சில மரபணுத் திரிபுகளில் பத்து மடங்குவரை. வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலி ஒன்று ஐந்து ஆண்டை நெருங்கி வாழ்ந்தது. சுண்டெலிக்கு அது பெரிய சாதனை, இருந்தாலும் சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அதே ஏற்பியில் பிறவிக் குறையுள்ள மனிதர்கள் ஈக்வடாரில் இருக்கிறார்கள். குட்டையானவர்கள். அவர்களிடம் புற்றுநோயும் சர்க்கரையும் மிக அபூர்வம். ஆயுள் மட்டும் கூடியதாகக் காணவில்லை. புழுவின் மடங்குக் கணக்கை நம் தலைக்கு அப்படியே பெருக்கிக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்று ஊரில் ஒரே சோதனை

அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்துகிறது. ஒரே மருந்தை, ஒரே நேரத்தில், மேய்ன், மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களில் இருக்கும் மூன்று ஆய்வகங்களில் தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். எலிகள் நான்கு மரபுவழிகளைக் கலந்து பிறந்தவை. ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. ஒரு ஊரில் தற்செயலாக வந்த வெற்றி இங்கே தப்பிப் பிழைப்பது கடினம்.

இதில் தேறிய மருந்துகளில் பேர் பெற்றது ரப்பாமைசின். 1964-ல் ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் தந்த பொருள் அது. அதைப் பிரித்தெடுத்து விடாமல் வளர்த்தவர் சுரேந்திர நாத் சேகல், இந்தியாவிலிருந்து கனடா போன விஞ்ஞானி. சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களின் உடம்பு புதிய உறுப்பைத் தள்ளிவிடாமல் இருக்க, 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எலிச் சோதனையில் ஒரு தடங்கல் வந்தது. தீவனத்தில் கலந்தால் மருந்து கெட்டுப்போனது. அதை நுண்ணிய உறைக்குள் அடைத்துக் கொடுக்க வழி காண்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் சுமார் 60 வயது. சரி, இருக்கட்டும் என்று அந்தக் கிழட்டு எலிகளுக்கே கொடுத்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. உச்ச ஆயுள் அளவில் பெண் எலிகளுக்கு 14 சதவீதம், ஆண்களுக்கு 9 சதவீதம் கூடுதல். மூன்று ஊரிலும். இவ்வளவு தாமதமாகத் தொடங்கியும் பலன் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதே திட்டத்தில் திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் தேறவில்லை. 2006-ல் அது பெரிய தலைப்புச் செய்தியாக இருந்தது. அந்தச் செய்தியில் வந்த எலிகள் கொழுப்புத் தீவனம் தின்று பருத்தவை. அவற்றின் கேட்டைத்தான் மருந்து குறைத்தது. சாதாரணத் தீவனம் தின்ற எலிகளின் ஆயுளை அது கூட்டவில்லை. தலைப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டு குரங்குக் கூட்டங்கள்

குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா என்பது இந்தத் துறையின் பழைய கேள்வி. 1935-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே பெரிய எலிகளுக்குச் சத்துக் குறையாமல் தீனியை மட்டும் குறைத்து ஆயுளைக் கூட்டிக் காட்டினார். ஆனால் 2010-ல் சுமார் 40 சுண்டெலி மரபுவழிகளில் 40 சதவீதம் தீனியைக் குறைத்துப் பார்த்தபோது, ஆயுள் கூடிய வழிகளைவிடக் குறைந்த வழிகள் அதிகம். பிறப்பில் வந்த மரபும் பேசுகிறது என்று அர்த்தம்.

நமக்கு நெருங்கிய விலங்கில் பார்க்காமல் தீராது என்று அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்துத் தொடங்கினார்கள். மலம்புழாவிலும் நெல்லியாம்பதியிலும் நாம் பார்க்கிற தொப்பிமுடிக் குரங்கின் வட இந்திய உறவு அது. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆய்வகங்களுக்கு ஏற்றுமதியானது. 1978-ல் இந்தியா அதை நிறுத்தியது.

தேசிய முதுமை நிறுவனத்தின் ஆய்வு 1987-லும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 1989-லும் தொடங்கின. 2009-ல் விஸ்கான்சின் சொன்னது: குறைத்துத் தின்ற குரங்குகள் அதிகம் பிழைத்தன. 2012-ல் மற்றது சொன்னது: பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் செலவழித்து எதிரெதிர் விடை.

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வித்தியாசம் பட்டினி கிடந்த குரங்குகளிடம் இல்லை, தட்டு நிறையத் தின்ற குரங்குகளிடம் இருந்தது. விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய மட்டும் தின்றன. அவற்றின் தீவனத்தில் 28.5 சதவீதம் சர்க்கரை. மற்ற இடத்தில் சர்க்கரை 3.9 சதவீதம்தான், ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளந்துதான் போட்டார்கள். அதாவது அங்கே "சாதாரணமாக" தின்ற குரங்கே ஓரளவு அளவோடு தின்ற குரங்கு. அதைவிடவும் குறைத்ததில் பெரிய லாபம் தெரியவில்லை. 2017-ல் இரு அணியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து எழுதின: உணவைக் கட்டுப்படுத்துவது குரங்குகளின் நலத்துக்கும் ஆயுளுக்கும் உதவுகிறது, ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம், எந்த வயதில் தொடங்குகிறோம், என்ன தின்கிறது என்பதைப் பொறுத்து.

சுண்டெலிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நன்றாகப் பராமரித்த ஆய்வகச் சுண்டெலி சராசரியாகச் சுமார் 900 நாள் வாழும். ஒப்பீட்டு எலிகளே 700 நாளில் இறந்துவிட்ட ஆய்வில், மருந்து தின்ற எலிகள் 850 நாள் இருந்தன என்றால் என்ன பொருள்? மருந்து மூப்பைத் தள்ளவில்லை. சரியாக வளர்க்கப்படாத எலிகளை ஓரளவு கரைசேர்த்திருக்கிறது.

எலிக்கும் நமக்கும் நடுவே

1. சாகும் காரணம் வேறு. ஆய்வகச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை புற்றுநோயால் இறக்கின்றன. இதயக் குழாய் அடைப்பு அவற்றுக்கு இயல்பாக வருவதில்லை. அல்சைமரும் அப்படியே. புற்றுநோயைத் தள்ளிப்போடும் எந்த மருந்தும் எலியில் ஆயுள் மருந்துபோலத் தோன்றும்.

2. கூண்டு வேறு. எலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரிப் பக்கம். ஆய்வக அறைகள் ஆட்களுக்கு வசதியாக 20, 22 டிகிரியில் இருக்கும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அந்த எலி நாள் முழுக்க ஆற்றலைச் செலவழிக்கிறது.

3. கிருமி இல்லை. இது நம் ஊருக்கு மிக முக்கியம். ஆயுள் ஆய்வு எலிகள் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத அறையில் வாழ்கின்றன. ரப்பாமைசின் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. சுத்தமான கூண்டில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். கேரளத்தில் ஒவ்வொரு மழைக்கும் எலிக்காய்ச்சலும் டெங்குவும் வருகின்றன. வரப்பில் வெறுங்காலோடு நிற்கும் 65 வயதுக்காரருக்கு அது சிறிய விஷயம் இல்லை. வாய்ப்புண், இரத்தக் கொழுப்பு ஏறுவது போன்ற பக்கவிளைவுகளும் இந்த மருந்துக்கு உண்டு.

4. ஆண், பெண். சில மருந்துகள் ஆண் எலிக்கு மட்டுமே வேலை செய்கின்றன. 17-ஆல்ஃபா எஸ்ட்ராடயால் அப்படி. ஒரு பாலை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு பாதி விடைதான்.

டாரின் விவகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் உடம்பிலும் இருக்கும் பொருள் அது; எனர்ஜி டிரிங்க் டப்பாவின் மேல் பெயர் பார்த்திருப்பீர்கள். 2023-ல் வந்த ஆய்வில் அதைக் கொடுத்த நடுவயதுச் சுண்டெலிகளின் நடு ஆயுள் 10 முதல் 12 சதவீதம் கூடியது. வயதாக ஆக உடம்பில் டாரின் குறைகிறது என்றும் சொன்னார்கள். 2025-ல் இன்னொரு குழு மனிதர், குரங்கு, சுண்டெலி மூன்றிலும் அளந்து பார்த்தது. வயதோடு டாரின் குறையவில்லை. பலரிடம் கூடியே இருந்தது. எலி முடிவு பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. "குறைந்துபோனதை ஈடுகட்டுங்கள்" என்று சொல்லி விற்கும் காரணம்தான் ஆட்டம் காண்கிறது.

அந்த விலங்குகளுக்கு நாம் பட்ட கடன்

ஆயுள் ஆய்வில் எலியை அறுப்பது குறைவு, ஆனால் கடைசி நாள்வரை அதோடு இருந்தாக வேண்டும். மேலே சொன்ன மூன்று ஊர்த் திட்டத்தில், அனுபவமுள்ள பராமரிப்பாளர் பார்த்து, இந்த எலி இன்னும் 48 மணி நேரம் தாங்காது என்று தோன்றினால், வலி நீளாமல் அதை முடித்து, அன்றையதை இறந்த நாளாகக் குறிப்பார்கள். அந்த முடிவு ஒரு மனிதரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. நாள்தோறும் கூண்டைத் திறந்து பார்ப்பவரின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் உண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது. 1998-ல் விதிகள் வந்தன. விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் நெறிக்குழு வைத்து, அதன் அனுமதி பெற வேண்டும். அதில் கால்நடை மருத்துவரும், மத்தியக் குழுவின் பிரதிநிதியும், விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும். சிறிய விலங்கில் விடை கிடைக்குமானால் பெரியதைத் தொடக்கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 1959-ல் ரசலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகள் உலகெங்கும் அடிப்படை: வேறு வழி இருந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. அழகுசாதனப் பொருளை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடைசெய்தது. புதிய மருந்துகளுக்கு விலங்கில்லாச் சோதனை முறைகளை ஏற்க 2023-ல் விதி திருத்தப்பட்டது.

செல் வளர்ப்பும் கணினியும் மூப்பை மட்டும் முழுதாகக் காட்டாது; மூப்பு மூளை, குடல், எலும்பு, இரத்தம் எல்லாம் சேர்ந்து நடப்பது. அதனால் விலங்கு இன்னும் தேவைப்படுகிறது. அதனால்தான் ஒப்பீட்டுக் குழுவைச் சரியாக வளர்க்காத ஆய்வைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. விடை தராத ஆய்வில் போன எலியின் உயிர் வீண்.

அப்படியானால் மெட்ஃபார்மின்?

நம் பக்கத்துப் பெரியவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், ஏனென்றால் சர்க்கரைக்குத் தரும் அந்த மாத்திரை ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. 2013-ல் ஒரு ஆய்வில் தீவனத்தில் 0.1 சதவீதம் மெட்ஃபார்மின் கலந்து கொடுத்தபோது ஆண் சுண்டெலிகளின் சராசரி ஆயுள் சுமார் 6 சதவீதம் கூடியது. 1 சதவீதம் கலந்தபோது ஆயுள் குறைந்தது. அப்புறம் மூன்று ஊர்த் திட்டத்தில் அதே 0.1 சதவீதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தற்செயலுக்கு மேல் என்று சொல்லும்படியான கூடுதல் கிடைக்கவில்லை.

சர்க்கரை உள்ளவருக்கு மருத்துவர் எழுதித் தந்த அளவில் அது நல்ல மருந்து, தொடரலாம். சர்க்கரை இல்லாதவர் ஆயுளுக்காக அதை வாங்க எலிகள் காரணம் தரவில்லை. எவ்வளவு நாளாகச் சாப்பிடுபவராக இருந்தாலும் சிறுநீரகம் தளர்ந்தால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள கிரியாட்டினின் பார்க்கும் சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். கோவைக்குப் பஸ் ஏற வேண்டாம், கொழிஞ்சாம்பாறையிலேயே எடுத்துவிடலாம்.